வெர்ன் கையில் இருந்த காற்று

வெர்ன்தான் காற்றைத் திருப்பிவிடுகிறான் என்று க்ளெம்முக்கு முதலில் தோன்றியது, தன் விமானம் ஓடுபாதை முடிந்தும் நிற்காமல் உப்புப் புதருக்குள் பாய்ந்து மூக்கைக் குத்திக்கொண்ட ஒரு சனிக்கிழமையில். அதற்கு முந்தின சனிக்கிழமையும் அதே கதைதான். அப்போது தன் கை மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு தடவை என்றால் கைப்பிசகு. மறுபடியும் அதே புதர் என்றால் யாரோ தள்ளுகிறார்கள்.

விமானம் என்றால் நிஜ விமானமில்லை. கெல்ப் முனையின் சின்ன விமானத் தளத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள், எப்போதோ அடிபட்டுப்போன ஒரு செஸ்னா குட்டி விமானத்தின் முன்பாதியை அறுத்து மரக்கட்டைகள் மேல் உட்கார்த்தியிருந்தார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் மூன்று பெரிய திரைகள். திரையில் கடல் தெரியும், கோதுமை வயல் தெரியும், கெல்ப் முனையின் அதே ஓடுபாதையும் தெரியும். ஏறி உட்கார்ந்து இயந்திரத்தைக் கிளப்பினால் இருக்கை கூட அதிரும். சிமுலேட்டர் என்கிற அந்தப் பொய் விமானத்துக்குப் பின்னால், கதவோரமாக, ஒரு மேசையும் கணினியும். அந்த மேசைக்கு ராஜா வெர்ன். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதிப்பெண் போடுவது அவன், முறை வைப்பது அவன், வானிலை அவன் கையில்.

விமான மன்றம் ஒவ்வொரு கோடையிலும் இந்த சிமுலேட்டரில் ஒரு போட்டி வைக்கும். சனிக்கிழமைதோறும் தரையிறக்கிக் காட்ட வேண்டும். கோடை முடிவில் யாருக்கு மொத்த மதிப்பெண் அதிகமோ அவருக்கு நிஜ விமானத்தில், நிஜப் பயிற்றுநரோடு, பயிற்சி இலவசம். அறுபது வயது ஆகிவிட்டவர்களுக்குக் கிடையாது. வரும் குளிர்காலத்தில் க்ளெம்முக்கு அறுபது. சிங்கி இறால் படகில் கூண்டு இழுத்து இழுத்துத் தோள் தேய்ந்துபோன மனுஷன். காசு கொடுத்துப் பறக்கக் கற்றுக்கொள்ள அவனுக்கு வழியில்லை. இந்தக் கோடை விட்டால் வேறு கோடை இல்லை என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

போட்டியில் அவனோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டு வந்தவள் ஒருத்திதான். நோலீன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குரல் இரண்டு தெரு கேட்கும்.

போட்டியின் விதி சின்னது. கடலுக்கு மேலே அந்தரத்தில் விமானத்தை விடுவார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பறக்கிறவன் விமானத்தில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க வேண்டும். ஓடுபாதை தெற்கு வடக்காகக் கிடக்கிறது, இரண்டு முனையிலும் ஒவ்வொரு வெள்ளைக் கோடு. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு இறங்கினால் விமானம் மெல்ல வந்து வெள்ளைக் கோட்டருகே உட்காரும். காற்றை முதுகில் வைத்துக்கொண்டு இறங்கினால் உட்காராது, ஓடிக்கொண்டே இருக்கும். கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இறங்குகிறோமோ அவ்வளவு மதிப்பெண். இறங்காமல் மறுபடி மேலே கிளம்பிச் சுற்றி வந்தால் மதிப்பெண் வெட்டு.

"எல்லாம் இணையத்துலருந்து வர்ற காத்து. இன்னிக்கு, இப்போ, நிஜமா அடிக்கிற காத்து," என்று முதல் நாளே வெர்ன் சொல்லியிருந்தான்.

க்ளெம் அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நிஜமாக அடிக்கிற காற்றுதானே? அதைக் கண்டுபிடிக்கத் திரையை எதற்கு முறைக்க வேண்டும்? பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சுருட்டைப் பற்றவைக்கிற நேரத்தில், தளத்தின் ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருக்கிற ஆரஞ்சு நிறக் காற்றுப்பையை ஒரு பார்வை பார்த்துவிடுவான். அதன் வாய் எந்தத் திசையைப் பார்த்துத் திறந்திருக்கிறதோ காற்று அங்கிருந்து வருகிறது. வால் நீள்வது காற்று போகிற திசை. அவ்வளவுதான் கணக்கு. திரையிலும் ஒரு காற்றுப்பை உண்டு, ஆனால் கடுகு அளவு. கண்ணாடி போட்டாலும் அதில் வால் எது வாய் எது என்று தெரியாது.

இது விதிக்குப் புறம்பு என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டா கொட்டகைக்கு நடந்து வர முடியும்?

கோடை தொடங்கின புதிதில், படகு பழுதாகிக் கரையில் கிடந்த நாட்களில், காலையிலேயே வந்து பறந்தான். எல்லாம் அருமையாக இறங்கின. பெயர்ப் பட்டியலில் முதலில் அவன்தான். படகு சரியான பிறகு இறாலை இறக்கிவிட்டு வர மதியமாகிவிடும். அப்போதிருந்துதான் புதர்.

மதியத்தில் கெல்ப் முனையில் காற்று எங்கிருந்து அடிக்கும் என்று தவழுகிற குழந்தைக்குக் கூடத் தெரியும். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் தெற்கேயிருந்து கடல் காற்று வரும். ஊரே அதை டாக்டர் என்றுதான் கூப்பிடும். காற்றுப்பையும் அதைத்தான் சொன்னது. க்ளெம் வடக்கு முனை வழியாக வந்து, மூக்கைத் தெற்கே வைத்து இறக்கினான். முகத்தில் காற்று அடித்திருக்க வேண்டும். முதுகில் அல்லவா அடித்தது! விமானம் வழுக்கிக்கொண்டு போய்த் தெற்குக் கோடிப் புதருக்குள் விழுந்தது.

அதன் பிறகு அவன் யோசிக்க ஆரம்பித்தான். சந்தேகம் ஒன்று வந்துவிட்டால் பழைய விஷயங்களெல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். தனக்கு மட்டும் ஏன் எப்போதும் மதிய முறை? தான்தான் மதியத்துக்கு முன்னால் வர முடியாது என்று சொன்னவன் என்பது நினைவுக்கு வந்தது. அந்த நினைவை ஓரமாகத் தள்ளினான். நோலீன் வாராவாரம் வெர்னுக்கு ஏன் லாமிங்டன் கொண்டுவருகிறாள்? தேங்காய்த்துருவலில் புரட்டின அந்தக் கேக்கை வெர்ன் நாய்க்குட்டி மாதிரி தின்கிறானே, சும்மாவா? விமானம் தரையைத் தொடப் போகிற நேரம் பார்த்து வெர்னுக்கு ஏன் இருமல் வருகிறது? நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது வெர்ன் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்திருந்தான் க்ளெம். வெர்ன் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். ஒன்றுமே சொல்லாத ஆள் மனசில் என்ன வைத்திருக்கிறான் என்று யார் கண்டது?

அடுத்த சனிக்கிழமை அவன் ஒரு பொறி வைத்தான். படகிலிருந்து வரும்போது கையில் ஒட்டியிருந்த மீன் செதில் ஒன்றை எடுத்து, வெர்ன் கழிப்பறைக்குப் போன நேரத்தில், கணினியின் மவுஸ் பொத்தான் மேல் ஒட்டினான். கண்ணாடித் துணுக்கு மாதிரி இருந்தது. கையை வைத்தால் செதில் போய்விடும். பறந்தான். மறுபடி புதர். இறங்கி வந்ததும் நேரே மேசைக்குப் போனான். செதில் வைத்த இடத்திலேயே இருந்தது.

"என்னடா சிங்கி, என் மவுஸை அப்படி மோந்து பாக்கறே?" என்றான் வெர்ன்.

"ஒண்ணுமில்லே. மீன் நாத்தம் அடிச்சுது."

"அது உன் மேலதான் அடிக்குது."

நோலீன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். க்ளெம் சிரிக்கவில்லை. மவுஸைத் தொடாமலே செய்கிறான் என்றால் இவன் சாதாரண ஆளில்லை என்று நினைத்துக்கொண்டான். அன்றிலிருந்து பறக்கும்போது ஒரு கண் திரையில், ஒரு கண் தோளுக்குப் பின்னால்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அன்று இறாலை இறக்கிவிட்டு வர க்ளெம்முக்கு மாலை நெருங்கிவிட்டது. கொட்டகைத் தகரம் அப்போதும் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. நோலீன் முதலில் பறந்து, கோட்டிலிருந்து ஒரு கார் நீளம் தள்ளி இறக்கிவிட்டு, விசிறிக்கு முன்னால் சட்டைக் காலரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலை நாட்களில் சேர்த்த மதிப்பெண்ணால் க்ளெம் இன்னும் தொடுகிற தூரத்தில்தான் இருந்தான். கோட்டருகே ஒழுங்காக ஒரு தடவை இறக்கினால் இடம் அவனுக்கு.

சுருட்டைப் பற்றவைக்கும்போது நன்றாக நின்று பார்த்திருந்தான். காற்றுப்பை விறைத்துக்கொண்டு வடக்கே வாலை நீட்டியிருந்தது. தெற்கேயிருந்து டாக்டர், சந்தேகமே இல்லை. வடக்கு முனை வழியாக வந்தான். மூக்கு தெற்கே. கோடு அடியில் வந்தது, போனது. சக்கரம் தொடவில்லை. தொட்டபோது பாதி ஓடுபாதை போய்விட்டது. புதர்.

க்ளெம் இருக்கைப் பட்டையைப் பிய்த்துக்கொண்டு இறங்கினான்.

"போதும்டா வெர்ன். நீ செய்யறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? காத்து தெக்கேருந்து அடிக்குது. நீ வடக்கேருந்து அடிக்க விட்டிருக்கே! எத்தனை சனிக்கிழமைடா இப்படி?"

வெர்ன் வாயில் இருந்ததை விழுங்கினான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கோபப்படவில்லை, அதுதான் மோசம்.

"தெக்கேருந்து அடிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

க்ளெம்மின் கண் தானாக வாசல் பக்கம் போனது.

நோலீன் மெதுவாகத் திரும்பினாள். "அடப்பாவி. வெளிய கம்பத்தைப் பாத்துட்டா வர்றே? அதான் வாசல்ல நின்னு அவ்வளவு நேரம் சுருட்டு பத்தவைக்கிறியா? நான் கூட உனக்குக் கை நடுக்கம், தீக்குச்சி அணைஞ்சு போகுதுன்னு பாவப்பட்டேனே!"

"கண்ணுல பட்டுது. பாத்தேன். நிஜக் காத்துன்னு இவன்தானே சொன்னான்? அப்ப ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா வேண்டாமா?"

"இங்க வா," என்றான் வெர்ன். கணினித் திரையைத் திருப்பிக் காட்டினான். "நம்ம தளத்துல காத்து அளக்கற கருவி ஏதுடா? ஒரு கம்பமும் துணியும்தான் இருக்கு. கணினி, பக்கத்துல எந்த ஊர்ல கருவி இருக்கோ அங்கேருந்து எடுத்துக்கும். நமக்குப் பக்கம் டன்மோர். பாரு, டன்மோர்னு போட்டிருக்கா?"

டன்மோர் உள்நாட்டு ஊர். கோதுமை லாரிகள் போகிற ஊர். கடல் அங்கிருந்து கண்ணுக்கெட்டாத தூரம்.

"கடல் காத்து இங்க மத்தியானமே வந்துடும். டன்மோர் போய்ச் சேர சாயங்காலம் ஆகும், சில நாள் போகவே போகாது. அதுவரைக்கும் அங்க வடக்குக் காத்துதான், அடுப்பு மாதிரி. காலையில ரெண்டு ஊர்லயும் ஒரே காத்து. அதனாலதான் அப்ப நீ பெரிய விமானி."

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லலே?"

"நீ கேட்டியா? நீ வெளிய பாத்துட்டு வருவேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? உள்ள பாத்து ஓட்டறவங்களுக்கு எந்த ஊர்க் காத்தா இருந்தா என்ன?"

க்ளெம் நோலீன் பக்கம் பார்த்தான். "அப்ப உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"தரையைப் பாத்தேன் கண்ணு. எந்தப் பக்கம் நழுவுதுன்னு. காத்துல பஸ் ஓட்டினவளுக்கு அது தெரியாதா?"

விதிப்படி க்ளெம்மை நீக்க வேண்டும் என்றான் வெர்ன். வெளியே பார்த்தது வெளியே பார்த்ததுதான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு திருப்தி இருந்த மாதிரி க்ளெம்முக்குப் பட்டது. தபால் பெட்டி ஞாபகம் வந்தது.

நோலீன்தான் மறித்தாள். "நீக்காதே. இவன் ஏமாத்தி என்ன கிழிச்சான்? புதர்லதான் போய் விழுந்தான். இப்ப நீ நீக்கினா, வெர்னும் நோலீனும் சேந்து கவுத்துட்டாங்கன்னு மதுக்கடையில ஒவ்வொரு மேசையா உக்காந்து சொல்லுவான். எனக்கு அது வேண்டாம். கதவைச் சாத்து, திரைச்சீலையை இழுத்து விடு, இன்னொரு தடவை பறக்கட்டும். அப்புறமும் நான்தான் ஜெயிப்பேன்."

"பறக்கறேன்," என்றான் க்ளெம். "ஆனா வெர்ன் மேசைக்கிட்ட இருக்கக் கூடாது. அந்தப் பெஞ்சுல போய் உக்காரணும். கையை முழங்கால் மேல வெக்கணும்."

"இன்னும் சந்தேகமா?" என்றான் வெர்ன்.

"உக்காரு."

வெர்ன் போய் உட்கார்ந்தான். நோலீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தியதும் கொட்டகை வெந்தது.

க்ளெம் கடலுக்கு மேலே இருந்தான். எதிரே கரை. கரைக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று கோதுமை கொட்டி வைக்கிற கோபுரம். மூக்கை நேராக அந்தக் கோபுரத்தின் மேல் வைத்துக் கிழக்கே ஓட்டினான். முதல் தடவையாக வேறெதையும் பார்க்காமல் அதையே பார்த்தான். மூக்கு அசையவில்லை, ஆனால் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கியது. அப்படியென்றால் நான் வலப்பக்கம், தெற்கே தள்ளப்படுகிறேன். கூண்டு மிதவையைப் பிடிக்கப் போகும்போது நீரோட்டம் படகை இப்படித்தான் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். காற்று இடது பக்கமிருந்து. வடக்கேயிருந்து. இவ்வளவுதானா? இத்தனை சனிக்கிழமையும் இது இங்கேயே, கண் முன்னாலேயே இருந்ததா?

தெற்குப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்தான். மூக்கு வடக்கே. காற்று முகத்தில். விமானம் சொன்ன பேச்சைக் கேட்டது. இருக்கையின் அதிர்வு கூட மெதுவாகிவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக் கோடு பெரிதாகிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம். உட்காரப் போகிறது.

அப்போது வேகம் காட்டும் முள் துள்ளி விழுந்தது. விமானம் ஒரு குலுக்குக் குலுங்கியது. அடுத்த நொடி தரை சரசரவென்று அடியில் ஓட ஆரம்பித்தது. முகத்திலிருந்த காற்று முதுகுக்குப் போய்விட்டது.

வெர்ன்!

கழுத்து தானாகத் திரும்பியது. இருட்டில் பெஞ்சு தெரிந்தது. வெர்னின் இரண்டு கையும் முழங்கால் மேல்தான் இருந்தன. நோலீன் லாமிங்டனைப் பிய்த்து அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். வெர்ன் வாயைத் திறந்தபடி க்ளெம்மைப் பார்த்தான்.

க்ளெம் திரும்பித் திரையைப் பார்த்தபோது கோடு பின்னால் போய்விட்டிருந்தது. காற்று மாறின அந்த நொடியிலேயே விசையைக் குறைத்திருந்தால் எப்படியும் கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் உட்கார்த்தியிருக்கலாம். அந்த நொடியைத்தான் அவன் வெர்னுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது இறக்கினால் வடக்குக் கோடிப் புதர். விசையை முழுக்கத் தள்ளினான். விமானம் முனகிக்கொண்டு மேலே ஏறியது. கோபுரத்தைப் பார்த்து மூக்கைத் திருப்பினான். இந்தத் தடவை கோபுரம் வலது பக்கம் ஒதுங்கியது. தெற்குக் காற்று. வட்டம் போட்டு வடக்கு முனைக்கு வந்து, மூக்கைத் தெற்கே வைத்து, கோட்டிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி உட்கார்த்தினான். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. அந்தக் கோடையில் யாரும் அப்படி இறக்கவில்லை.

வெர்ன் எழுந்து மேசைக்குப் போய்க் கணினியைப் பார்த்தான். "டாக்டர் டன்மோருக்கு இப்பத்தான் போய்ச் சேந்திருக்காரு," என்றான். பிறகு கணக்குப் போட்டான். சுற்றி வந்ததற்கு வெட்டு. வெட்டாமல் இருந்தால் க்ளெம். வெட்டினால் நோலீன்.

க்ளெம் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, தானும் ஒரு தடவை விரல் விட்டுக் கூட்டினான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கூட்டினான்.

"சரியா இருக்கா?" என்றான் வெர்ன்.

"இருக்கு."

"தபால் பெட்டிக்காக நான் இதெல்லாம் செய்வேன்னு நெனச்சே, இல்லே?"

க்ளெம் காது வரைக்கும் சிவந்துபோய்க் கதவைத் திறந்தான். வெளிச்சம் கண்ணில் குத்தியது. வாசலில் நின்று பையைத் தடவிச் சுருட்டைத் தேடினான். குளிர்காலத்தில் அறுபது. அவ்வளவுதான்.

நோலீன் பின்னாலேயே வந்தாள். ஜெயித்தவள் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. பல் முழுக்கத் தெரிந்தது.

"அடுத்த புதன் எனக்கு முதல் பறப்பு. நீயும் வா."

"எதுக்கு?"

"முன்னாடி ரெண்டு பேர் மட்டும் உக்காந்தா மன்றத்து செஸ்னாவுக்கு மூக்கு கனமாப் போகுதாம். பின்னாடி ஒரு மூட்டை வெச்சா நல்லதுன்னு பயிற்றுநர் சொல்றாரு. மணல் மூட்டை தூக்கிட்டு வர எனக்கு முடியாது. நீதான் தானா நடந்து வருவே."

க்ளெம் அவள் முகத்தையே பார்த்தான். பயிற்றுநர் அப்படிச் சொன்னாரா, இவளாகக் கட்டிவிடுகிறாளா? பரிதாபமா? மதுக்கடையில் வாயைத் திறக்காமலிருக்க லஞ்சமா? அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள், ஒன்றும் பிடிபடவில்லை. திங்கட்கிழமை பயிற்றுநரிடமே போய் நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். கேட்டு, அவர் இல்லையென்று சொல்லிவிட்டால்?

"என்ன முழிக்கறே? வர்றியா இல்லியா?"

"கதவோரமா உக்காரலாமா?"

"மூட்டை எங்க வேணா உக்காரலாம்."

"எத்தனை மணிக்கு?" என்றான் க்ளெம்.